சனோபர் போர்த்திய சப்பான்

இறைச்சிக்காரர்களின் பேட்டையான கசாப் மஹல்லாவில் நாற்பத்து மூன்று வீடுகள் இருந்தன. நாற்பத்திரண்டு போய்விட்டன. எர்கஷின் வீடு மட்டும், மூன்று பக்கமும் பதினாறு மாடிக் கட்டடங்கள் எழும்பி நிற்க, நடுவில் மண்சுவரும் திராட்சைப் பந்தலுமாகக் கிடந்தது. பால்கனிகளில் நின்று எட்டிப் பார்த்தால் முற்றத்தில் ஆடு உரிப்பது தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். நகரசபைக்கு மனுக்கூடப் போட்டார்கள். ஒரு மாதம் போனதும் அவர்களே இறங்கி வந்து, "அண்ணே, பின்னந்தொடையில ஒரு கிலோ" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டாவது மாடியில் இருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர், படியிறங்கச் சோம்பல்பட்டு, கயிற்றில் பையைக் கட்டி இறக்குவாள். சனோபர் அதில் சுடச்சுட ஹசிப்பைப் போட்டுக் கயிற்றை இழுத்துவிடுவாள். ஈரலும் அரிசியும் வால்கொழுப்பும் அடைத்து வேகவைத்த குடல் அது; சனோபர் கைப்பக்குவத்தில் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் செய்ததில்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் மஹல்லா தலைவர் சோபிர் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த ஆள். வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. பனியும் மழையும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. அவருடைய தலைக்குல்லாயின் மேல் நீர் முத்து முத்தாக நின்றது.

"எர்கஷ், வெள்ளிக்கிழமை தலைநகரத்துலேர்ந்து தேர்வுக் குழு வருது."

"என்னத்தைத் தேர்வு பண்ண?"

"தவ்ரோன் முதலாளி கட்டினதுக்குத்தான். ஆண்டின் சிறந்த குடியிருப்பு வளாகம். நம்ம நகரத்துக்கு இதுவரைக்கும் அந்த விருது வந்ததே இல்ல. நகரசபையே ரெண்டு வாரத்துல அரங்கத்துல பெரிய விழா வெச்சுக் கௌரவிக்கப்போகுது."

எர்கஷ் கத்தியைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டே சிரித்தான். "அப்படியா? எனக்கும் ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. ஆண்டின் சிறந்த மண்சுவரு."

"விளையாட்டு இல்லடா. வரைபடத்துல இந்த இடம் புல்வெளி. வர்றவன் வந்து பாக்கும்போது புல்வெளி இருக்கணும். உனக்கு ஒன்பதாவது மாடியில ரெண்டு அறை வீடு ஒதுக்கி எட்டு மாசம் ஆச்சு. சாவி என் சட்டைப்பையிலேயே கிடக்கு."

"ஒன்பதாவது மாடிக்கு ஆட்டை எப்படிக் கொண்டுபோக? லிஃப்டுல பொத்தானை அதுவே அமுக்குமா?"

தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்திருந்த சனோபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோபிர் சிரிக்கவில்லை. திரும்பிப் போகும்போது அவளைப் பார்த்து, "நீயாவது சொல்லு தங்கச்சி. அவங்க கோர்ட்டு காகிதத்தோட வரமாட்டாங்க. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றார்.

அவர் போனபின் சனோபர் சொல்லத்தான் செய்தாள். "ஏங்க, மாமசோலி கையெழுத்துப் போட்டுட்டுப் போகலியா? அவன் என்ன செத்தா போயிட்டான்?" மாமசோலி எர்கஷின் தம்பி. பாதி வீட்டுக்குரிய பங்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்கட்டடத்தில் மூன்றாம் மாடிக்குக் குடிபோனவன். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனதால் சாப்பாட்டுக்கு மட்டும் தினம் இங்கே வந்துவிடுவான்.

"அவன் கடையில தராசைப் பிடிக்கிறவன். எங்க வேணா பிடிப்பான்" என்றான் எர்கஷ். "நான் அறுக்கிறவன். எனக்கு மண்ணு வேணும், தண்ணி ஓடுற வாய்க்கால் வேணும்." அதோடு பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை ஆடு அறுக்கிற நாள். காலையில் வெயில் வந்திருந்தது. மொட்டுவிட்டு நின்ற சர்க்கரை பாதாமி மரத்தடியில் எர்கஷ் பிஸ்மில்லா சொல்லிக் கழுத்தை அறுத்து, ரத்தம் வடிந்ததும் பந்தல் உத்தரத்துக் கொக்கியில் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தோலை உரித்து முடித்திருந்தான். ஆவி பறந்துகொண்டிருந்தது. சனோபர் குடலைத் திருப்பிப் போட்டு உப்பும் மாவும் தேய்த்து அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடுப்பில் பெரிய கொப்பரையில் தண்ணீர் கொதித்தது. மாமசோலி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

பத்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. தெருச்சுவருக்கு மேலே ஒரு மஞ்சள் நிற இரும்புக் கை எழுந்ததைச் சனோபர்தான் முதலில் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அது இறங்கியது. சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. ஐம்பது வருஷத்துக் களிமண், பொட்டலம் அவிழ்ந்ததுபோல் கொட்டிப் புழுதியாக எழும்பியது. புழுதிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் இளவட்டம், ஒரே மாதிரி கறுப்புக் கால்சட்டை, காது நசுங்கிய மல்யுத்தக்காரர்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேர் வீட்டுக்குள் போய் மெத்தைகளையும் பெட்டியையும் தூக்கி வெளியே எறிந்தார்கள்.

"யாருடா நீங்க?" என்று எர்கஷ் கத்தினான். கையில் ஒன்றும் இல்லை. கத்தியைக் கழுவி வைத்துவிட்டிருந்தான்.

"வெளிய போங்க அண்ணே. வீடு விழப்போகுது" என்றான் அவர்களில் தலைவன் போலிருந்தவன். கழுத்து கன்றுக்குட்டிக் கழுத்துபோல் தடித்திருந்தது. மரியாதையாகத்தான் சொன்னான்.

இரும்புக் கை மறுபடி எழுந்து பந்தல் காலில் மோதியது. உத்தரம் முறிந்தது. உரித்த ஆடு கொக்கியோடு கீழே விழுந்து, வெள்ளைக் கொழுப்பெல்லாம் மண் அப்பிப் புரண்டது. வீட்டிலிருந்து கம்பளச் சுருளோடு ஓடிவந்த ஒருவன், கீழே பார்க்காமல் அதன் விலாவின்மேல் பூட்ஸ் காலை வைத்து ஏறி அந்தப் பக்கம் இறங்கினான்.

அதுவரை எர்கஷ் ஒருவேளை பேசியிருப்பான், கெஞ்சியிருப்பான், திட்டியிருப்பான். அந்தப் பூட்ஸ் கால் இறைச்சியின்மேல் பட்டதைப் பார்த்ததும் அவன் முகம் மாறிப்போனதைச் சனோபர் பார்த்தாள். எலும்பு வெட்டும் கோடரி கட்டையில் குத்தி நின்றது. அதைப் பிடுங்கித் திருப்பிப் பிடித்து, மழுங்கின பக்கத்தால் மிதித்தவன் முழங்கையில் இறக்கினான். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அவன் கம்பளத்தின்மேலேயே விழுந்து அலறினான்.

பிறகு எல்லோரும் சேர்ந்து எர்கஷின்மேல் பாய்ந்தார்கள். சனோபருக்கு அவனுடைய தலை தெரியவில்லை, கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கால் துடித்தது. ஒவ்வொரு உதைக்கும் 'ஹ்ம், ஹ்ம்' என்று உதைக்கிறவர்கள்தான் முனகினார்கள், அவன் முனகவில்லை. "மாமசோலி! டேய் மாமசோலி!" என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தபோது கட்டிலில் தேநீர்க் கிண்ணம் கவிழ்ந்திருந்தது, மாமசோலியின் இடுப்பு பின்சுவருக்கு மேலே தெரிந்து, அந்தப் பக்கம் மறைந்தது.

அவள் யோசிக்கவில்லை. கொப்பரையின் இரண்டு காதையும் வெறுங்கையால் பிடித்தாள். கை வெந்தது தெரியவே இல்லை. தூக்கி வந்து, எர்கஷின் விலாவில் மிதித்துக்கொண்டிருந்த அந்தத் தடித்த கழுத்தின்மேல் ஊற்றினாள். அவன் எழுப்பிய சத்தத்துக்கு இயந்திரக்காரன் வண்டியை அணைத்துவிட்டான். ஒரு நிமிஷம் ஒருவரும் அசையவில்லை. மேலே பால்கனிகளில் நிறையப் பேர் நின்றார்கள். நிறையக் கைகளில் போன் இருந்தது.

போலீஸ் கால்மணி நேரத்தில் வந்தது. எர்கஷை மட்டும் வண்டியில் ஏற்றியது. கொலைமுயற்சி என்று எழுதிக்கொண்டார்கள். சனோபரின் கைகளில் இரண்டு உள்ளங்கைத் தோலும் கொப்பளித்துத் தொங்கியது. அதைப் பார்த்த போலீஸ்காரன் ஒருவன் விலங்கைப் பூட்ட இடம் தெரியாமல், "போ, போய் மருந்து போடு" என்று விரட்டிவிட்டான். அவள் போகவில்லை. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பார்த்தாள். வீடு முழுசாகத் தரைமட்டமாக இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் அங்கே போனபோது பச்சைப்புல்லைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி லாரியில் கொண்டுவந்து விரித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி சுடும் தந்தூர் அடுப்பு இருந்த இடத்தில் ஒரு பெண் குழாயால் தண்ணீர் அடித்தாள். தேர்வுக் குழுவின் கார்கள் வந்தபோது சனோபர் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். கோட்டு போட்டவர்கள் இறங்கி, புல்லின்மேல் நடந்து, தலையை அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்கள் காலடியில் புல் தளதளவென்று அமுங்கியது.

சந்தையில் எர்கஷின் கடைக்குப் பக்கத்தில் வெங்காயம் விற்கும் துர்சுன், தன் வீட்டின் பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தான். வாய் ஓயாத ஆள். "வாடகையெல்லாம் வேண்டாம் அக்கா. வாரத்துக்கு ஒரு தட்டு ஹசிப். கையாறினதும் ஆரம்பிக்கலாம், கடன் இல்ல" என்றான். அவன் பெண்டாட்டி சனோபரின் கைகளுக்கு வாத்துக் கொழுப்பு தடவித் துணி சுற்றினாள். கட்டிக்கொடுத்த இரண்டு பெண்களும் தூர ஊரிலிருந்து போனில் அழுதார்கள். சனோபர் அழவில்லை. தினமும் காலையில் காவல் நிலையத்தின் இரும்புக் கதவுக்கு எதிரே போய் நின்றாள். உள்ளே விடவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொள்வார்கள். நான்காவது நாள் திருப்பித் தந்தார்கள். "மெல்ல முடியாது. கஞ்சி மாதிரி கொண்டா" என்றான் வாசல் காவலாளி. அன்றைக்குத்தான் அவள் அந்தக் கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஏழாவது நாள் சோபிர் வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். துர்சுன் பெண்டாட்டி வைத்த தேநீரைத் தொடவில்லை.

"தங்கச்சி, அன்னிக்கு மேலேர்ந்து எடுத்த படம் ஊரெல்லாம் சுத்துது. தலைநகரத்துல ஒரு பத்திரிகைக்காரன் தேர்வுக் குழுகிட்டயே கேட்டுட்டான்."

"நல்லதுதானே."

"நல்லதா? உன் புருஷனுக்கு எட்டு வருஷம்னு பேசிக்கிறாங்க. கை முறிஞ்சவன் புகார், கழுத்து வெந்தவன் புகார். ரெண்டாவது புகார்ல உன் பேரு இருக்கு."

சனோபர் கைக்கட்டின் அவிழ்ந்த நுனியைப் பல்லால் இழுத்து இறுக்கினாள்.

"தவ்ரோன் முதலாளி ஒரு வழி சொல்றாரு. விழாவுல அவருக்குச் சப்பான் அங்கி போர்த்தணும். மஹல்லா மக்கள் சார்பில. கடைசி வீட்டுக்காரி வந்து போர்த்தினா எல்லாம் சுமுகம்னு ஆயிடும். ஒரே ஒரு வரி பேசணும். அன்னிக்குச் சாயங்காலமே ரெண்டு புகாரும் வாபஸ்."

"எங்க வீட்டை இடிச்சவருக்கு நான் போய் அங்கி போர்த்தணும்."

"ஆமா."

"அந்த ஆளு முகத்தைப் பாத்து."

"முகத்தைப் பாக்காட்டியும் பரவாயில்ல. கழுத்துப் பக்கம் பாத்துக்கோ." சோபிர் கைகளை விரித்தார். "நான் வேற என்ன சொல்ல? எனக்குக் கொடுத்த வீட்டுச் சாவியையும் பிடுங்குவாங்க. மகன் அவங்க கம்பெனிலதான் கிரேன் ஓட்டுறான்."

சனோபர் தன் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு போயிருச்சா?" என்று கேட்டாள்.

"ரெண்டு. கீழ்வரிசையில."

"இன்னும் எத்தனை நாள் போனா மிச்சம் போகும்?"

சோபிர் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "வர்றேன்னு சொல்லிடுங்க" என்றாள் அவள். பிறகு, "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றாள்.

விழா பகல் பதினோரு மணிக்கு. நாடக அரங்கத்தின் வாசலில் ஆள் உயர நீளத்தில் பித்தளைக் கர்னா ஊதுகுழல்களைத் தோளில் தாங்கி வானத்தைப் பார்த்து ஊதினார்கள். சுவரெல்லாம் கட்டடங்களின் பெரிய படங்கள். மூன்று கட்டுமானக்காரர்களைக் கௌரவித்தார்கள். ஆற்றங்கரை வணிக வளாகத்துக்கு ஒருவர், பழைய பஞ்சாலையை ஓட்டலாக மாற்றியதற்கு ஒருவர், கடைசியில் தவ்ரோன். சனோபரை மேடைக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்திருந்தார்கள். நகரசபைப் பெண் ஒருத்தி அவள் கைக்கட்டைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ வெள்ளைக் கையுறை கொண்டுவந்து மாட்டினாள். வீங்கிய கையில் ஏறவில்லை. இழுத்து ஏற்றினாள். சனோபர் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்ல வேண்டியது நினைவிருக்கா அக்கா?"

"இருக்கு."

"ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்."

"அங்க சொல்றேன்."

மேடையில் விளக்கு வெள்ளம். சப்பானை இரண்டு பெண்கள் தட்டில் ஏந்திவந்தார்கள். நீல வெல்வெட்டில் தங்க ஜரிகை. எடுத்தபோது முழுசாக உரித்த தோல்போல் கனத்தது. தவ்ரோன் நெஞ்சில் கைவைத்து அவளுக்குத் தலைகுனிந்தான். ஐம்பது வயது, சிவந்த தோல், நல்ல அத்தர் வாசனை. கைகளைப் பின்னால் நீட்டிக் காட்டினான். அவள் ஒரு கையை நுழைத்தாள், மறுகையை நுழைத்தாள், தோளில் இழுத்துவிட்டாள். பிறகு முன்னால் வந்து இடுப்புத் துணியைக் கட்ட வேண்டும். குனிந்து கட்டும்போது அவன் கழுத்து அவள் கண்ணுக்கு நேராக வந்தது. காதுக்குக் கீழே, தாடை எலும்புக்கு இரண்டு விரல் உள்ளே, நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷமாக அந்த இடத்தில் கத்தி இறங்குவதைப் பார்த்தவள். எவ்வளவு ஆழம் வேண்டும், எவ்வளவு நேரம் துடிக்கும், எத்தனை வாளி ரத்தம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கையில் கத்தி இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவள் பின்னாளில் யாரிடமும் சொன்னதில்லை. முடிச்சைப் போட்டாள். இறுக்கிப் போட்டாள், அவனுக்கு மூச்சு ஒரு கணம் முட்டியது.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாரு அக்கா" என்று அவன் மெதுவாகச் சொன்னான்.

"எந்த வீட்டுக்கு?" என்றாள் அவளும் மெதுவாக.

அவன் சிரித்த முகம் மாறாமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். ஒலிபெருக்கியை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்கள். "கசாப் மஹல்லா மக்கள் சார்பில நன்றி. இந்தக் கட்டடத்தால எங்களுக்கு நல்லது நடந்துச்சு" என்று சொன்னாள். குரல் தெளிவாகத்தான் வந்தது. அரங்கமே கைதட்டியது. பக்கவாட்டுக் கதவோரம், கழுத்தில் வெள்ளைக் கட்டும் மேலே புதுக் கோட்டுமாக அந்தத் தடித்த கழுத்துக்காரனும் நின்று கைதட்டினான். கேமராக்கள் பளிச்சிட்டன.

எர்கஷ் அன்றைக்கு நாலு மணிக்கு இரும்புக் கதவைவிட்டு வெளியே வந்தான். விலாவைக் கையால் பொத்திக்கொண்டு, ஒரு காலை இழுத்து நடந்தான். இடது கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. "எப்படி விட்டாங்க?" என்று கேட்டான். "புகாரை வாபஸ் வாங்கிட்டாங்களாம்" என்றாள் சனோபர். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. துர்சுன் வீட்டுப் பின்கட்டறையில் மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மார்பெலும்பை உடைத்துப் போட்டு வேகவைத்த சூப்பில் ரொட்டியை ஊறவைத்து ஊட்டினாள். குழந்தைபோல் வாயைத் திறந்தான். இரவில் அவன் தூக்கத்தில் 'உதைக்காதே' என்று சொன்னதாகத் துர்சுன் பெண்டாட்டி சொன்னாள். சனோபருக்கும் கேட்டிருந்தது.

நான்காம் நாள் காலையில் மாமசோலி வந்தான். கக்கத்தில் நகரப் பத்திரிகை. அண்ணனைப் பார்த்ததும் அழுதான், கட்டிப்பிடித்தான், "என்னைக் கும்பலா வந்து அமுக்கிட்டாங்கண்ணே, இல்லாட்டி..." என்று ஏதோ சொன்னான். எர்கஷ் தட்டிக்கொடுத்தான். சனோபர் தேநீர் எடுக்கப் போன நேரத்தில் மாமசோலி பத்திரிகையை விரித்துவிட்டான். முதல் பக்கம் முழுக்கப் படம். தங்க ஜரிகையில் தவ்ரோன், அவன் இடுப்பைச் சுற்றிக் குனிந்து நிற்கும் சனோபர்.

"நான் சொல்லக் கூடாது அண்ணே. ஆனா சந்தையில என்னால தலைகாட்ட முடியல. 'உங்க மதினி வீடு இடிச்சவனுக்கு உடுப்பு மாட்டிவிட்டா, இனி என்ன மாட்டிவிடுவா'ன்னு கேக்கறானுங்க. நீ உள்ளயே இருந்திருக்கலாம். மானமாவது மிஞ்சியிருக்கும்."

சனோபர் கதவைத் திறந்தபோது எர்கஷ் எழுந்து நின்றான். பத்திரிகையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"இது நீதானா?"

"நான்தான்."

"சிரிக்கிறே."

"சிரிக்கல. வெளிச்சம் கண்ணைக் கூசுச்சு."

அவன் கன்னத்தில் விட்ட முதல் அறையில் அவள் கையிலிருந்த தேநீர்க்கோப்பைத் தட்டு சுவரில் மோதி நொறுங்கியது. இரண்டாவது அடியில் அவள் கீழே விழுந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவன் அவளை அடித்ததில்லை. ஆட்டைக் கவிழ்க்கிற கை. இடது கன்னம் அப்போதே வீங்கத் தொடங்கிவிட்டது, உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மூன்றாவதுக்கு அவன் கை ஓங்கியபோது அவள் எழுந்து அவனுக்கு நேராக வந்து நின்றாள்.

"அடிங்க. இன்னும் அடிங்க. இந்தக் கை எட்டு வருஷத்துக்கு வெளிய வந்திருக்காது. வந்தாலும் பத்து விரலோட வந்திருக்காது. நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்த கை இது. என்ன கொடுத்து வாங்கினேன்னு பேப்பர்ல போட்டிருக்கான்ல, அதேதான். அடிங்க."

எர்கஷின் கை அப்படியே நின்றது.

"அன்னிக்கு உங்க மேல பத்துப்பேர் ஏறி மிதிச்சப்ப நான் ஒருத்திதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் மாமசோலியைப் பார்த்தாள். "நீ எந்தச் சுவரு ஏறிப் போனேன்னு உங்க அண்ணன்கிட்டச் சொல்லிட்டியா? இல்ல, நான் சொல்லட்டுமா?"

மாமசோலி பத்திரிகையைக்கூட எடுக்காமல் வெளியேறினான். எர்கஷ் சுவரோடு சரிந்து உட்கார்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டான்.  அவள் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. உடைந்த பீங்கானைக் கூட்டி அள்ளினாள். படுக்கை விரித்தாள். தனக்குத் துர்சுன் பெண்டாட்டியின் அறையில் விரித்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கால்நடைச் சந்தைக்குப் போனாள். இரண்டு ஆட்டை அறுத்து உரித்து வாங்கி, துர்சுனின் வெங்காய வண்டியிலேயே போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தாள். இரண்டு வாரத்துக்கும் மேலாக மூடியிருந்த தகரக் கதவைத் தூக்கினாள். அந்தச் சந்தையின் இறைச்சி வரிசையில் பெண்பிள்ளை நின்று வெட்டியதில்லை. உள்ளங்கையில் புதுத்தோல் ரோஜா நிறத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. கோடரிக் காம்பில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். முதல் வெட்டு கோணலாக விழுந்தது. இரண்டாவதும் கோணல். ஐந்தாவதிலிருந்து சரியாக விழுந்தது.

பத்து மணிக்குள் சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. வாங்க வந்தவர்கள் பாதி, பார்க்க வந்தவர்கள் பாதி. எதிர்த்த தேநீர்க்கடைப் பலகையில் மாமசோலி நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தான். கயிற்றில் பை இறக்குகிற டீச்சர் வரிசையில் நின்றாள். சனோபரின் முகத்தைப் பார்த்ததும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள். கன்னம் கத்திரிக்காய் நிறத்துக்குக் கறுத்திருந்தது.

துர்சுனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஊருக்காக உரக்கக் கேட்டான். "என்னக்கா மூஞ்சி இப்படி? எங்க வீட்டுப் பின்கட்டுக் கதவு தாழ்வா இருக்கும்னு சொன்னேன்ல. இடிச்சுக்கிட்டியா?"

"கதவு நல்ல உசரம்தான்" என்றாள் சனோபர்.

"அப்ப?"

"கதவைக் கேக்காதே. வர்றவரைக் கேளு."

எல்லோரும் திரும்பினார்கள். வரிசையின் கோடியில் எர்கஷ் வந்துகொண்டிருந்தான். சட்டைக்குமேல் விலாவில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். நாலடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினான். இறைச்சிக்காரர்கள் "சலாம், எர்கஷ் அண்ணே" என்றார்கள். அவன் கடையைப் பார்த்தே வந்தான். தேநீர்க்கடையிலிருந்து யாரோ, "முதலாளிக்கு உடுப்பு மாட்டுற கைக்குக் கோடரியும் பிடிக்கத் தெரியுதுப்பா" என்றான். சிரிப்பு எழுந்தது. மாமசோலியும் சிரித்தான்.

எர்கஷ் கடைக்கு முன்னால் வந்து நின்று, திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். பேசும்போது பல் போன சந்தில் காற்று சீறியது.

"அவ மூஞ்சியில இருக்கிறது என் கை" என்றான். "நான் அடிச்சேன். உயிரோட வெளிய கொண்டுவந்தவளை அடிச்சேன். சிரிக்கிறதுன்னா என்னைப் பாத்துச் சிரிங்கடா."

சிரிப்பு நின்றது. வெங்காயத் தோல் காற்றில் உருண்டு போயிற்று. மாமசோலி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். எங்கே போவது என்று தெரியாதவன்போல் அங்கேயே நின்றான்.

சனோபர் அவனையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. மார்புக்கூட்டைத் தூக்கிக் கட்டையின்மேல் போட்டாள். "சொல்லியாச்சுல்ல? சொன்னதால எனக்கு வலி போயிடல" என்றாள். "வெறுமனே நிக்காதீங்க. இது வழுக்குது. பிடிங்க."

அவன் விலாவைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, வலியில் முகம் கோணக் குனிந்து, எலும்பின் இரண்டு முனையையும் அமுக்கிப் பிடித்தான். வெட்டு விழ வேண்டிய இடத்துக்கும் அவன் விரல்களுக்கும் நடுவே நாலு விரற்கடைகூட இல்லை. சனோபர் கோடரியை ஓங்கினாள். அவள் தோளுக்கு மேலே அது ஒரு கணம் கூடுதலாகவே நின்றது. எர்கஷ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை எடுக்கவில்லை.

கோடரி இறங்கியது. எலும்பு ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்தது.

"அடுத்து யாரு?" என்று கேட்டாள்.

டீச்சர் பையை நீட்டினாள்.